மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பின் கண்கள்



சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் இருக்கும் வீட்டில் ஓர் எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அப்பாவுக்குக் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடத் தயங்காமல் சொல்லிவிடும். அடுத்தது டாக்ரோலிமஸ் அளவு. பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், போன சிறுநீர். இத்தனையும் எழுதிய நோட்டு ஒன்று, துணிப்பையில் மாத்திரைகளோடு பத்திரமாக இருக்கும். அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். வருடக் கணக்கில் ஒரு நாள் விடாமல் எழுதியிருப்பார்கள். கண்ணைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் கண் மருத்துவர். அந்த ஒரு வரிக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். மாற்று உறுப்பைக் காப்பாற்றுகிற மாத்திரைகள் சிலருக்குப் பார்வையையும் தொடுகின்றன. அந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவற்றை நேரத்தோடு சொன்னால் சரிசெய்துவிடலாம். சொல்லாமல் விட்டால் சில நிரந்தரமாகத் தங்கிவிடும். பேச்சைத் தொடங்கும் முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு இன்று இரவு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், குறைத்தும் போடாதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் போய்விட்டால் திரும்ப டயாலிசிஸ்தான். மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் உங்கள் சிறுநீரக மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. நடப்பதை அவரிடம் சொல்வது உங்கள் வேலை.

இந்த மாத்திரைகள் எதற்காக என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மரேயும் அவருடைய குழுவினரும் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்கு வைத்தார்கள். அது வேலை செய்தது. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் உடல் அந்த உறுப்பை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தாயின் சிறுநீரகமே ஆனாலும் மகனின் வெள்ளையணுக்கள் அதை வேற்றாளாகக் கண்டு தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்க 1960-களின் தொடக்கத்தில் அசதியோபிரின் வந்தது. கூடவே ஸ்டீராய்டு சேர்ந்துகொண்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்தபோது மருத்துவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். நார்வே நாட்டுப் பீடபூமி ஒன்றின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் எடுத்தார்கள். 1983-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. உறுப்பு மாற்று சிகிச்சை உலகெங்கும் பரவ வழிசெய்தது அந்த மருந்துதான். அடுத்ததாக ஜப்பானில் சுகுபா மலைப்பகுதி மண்ணிலிருந்து 1984-இல் டாக்ரோலிமஸைக் கண்டுபிடித்தார்கள். 1995-இல் மைக்கோபினோலேட் வந்தது. இன்று உங்களில் பெரும்பாலோர் காலையும் மாலையும் போடுவது டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், கொஞ்சம் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. ஐம்பது ஆண்டு உழைப்பில் கிடைத்த மருந்துகள் இவை. இவற்றின் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் இவை கண்ணில் செய்வதையும் சொல்கிறேன்.

ஸ்டீராய்டிலிருந்து தொடங்குகிறேன். கண்ணுக்கு வரும் தொல்லைகளில் நான் அதிகம் பார்ப்பது இதனால் வருவதுதான்.

முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர் வருவார். "சார், மத்தியான வெயிலில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. சாயங்காலம் நன்றாகத் தெரிகிறது. ராத்திரி வண்டி ஓட்டினால் எதிர் வண்டி விளக்கு கண்ணைப் பறிக்கிறது" என்பார். கண்ணாடிக் கடைக்குப் போய் நம்பர் பார்த்திருப்பார், நம்பரில் பெரிய மாற்றம் இருந்திருக்காது. வெயிலில் தெரியாததும் மங்கிய ஒளியில் தெரிவதும் முரணாக இருப்பதால், வீட்டில் உள்ளவர்கள் இவர் மனதில்தான் ஏதோ குழப்பம் என்றுகூட நினைத்திருப்பார்கள். அவர் சொல்வது முழுக்க முழுக்க உண்மை. ஸ்டீராய்டால் வரும் கண்புரை வயதானால் வரும் புரையைப் போன்றது அல்ல. அது கண்வில்லையின் பின்புற உறைக்குச் சற்று முன்னால், நட்டநடுவில் படியும். வெயிலில் கண்மணி சுருங்கும்போது ஒளி முழுவதும் அந்த நடுப்புள்ளி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அங்கே புரை குறுக்கே நிற்கிறது. மாலையில் கண்மணி விரியும்போது புரையின் ஓரங்களில் வழி கிடைத்துவிடுகிறது. புத்தகம் படிக்கும்போதும் கண்மணி சுருங்கும். அதனால் தூரப் பார்வையைவிடப் படிப்பது முதலில் கெடும். மருத்துவமனைகளில் தூரத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொல்லி, 'பரவாயில்லை' என்று அனுப்பிவிட்டால் இது தப்பிப்போகும்.

ஸ்டீராய்டுக்கும் இந்தப் புரைக்கும் உள்ள தொடர்பை 1960-இலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் முடக்குவாதத்துக்காக நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களிடம் அதைக் கவனித்தார்கள். அளவும் காலமும் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. மாற்று சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் அளவு அதிகமாக இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைத்து 5 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவருவார்கள். இடையில் உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கினால், ஊசி வழியாக மூன்று நாள்கள் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிக்கொண்டவர்கள் கண்ணைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இந்தப் புரைக்கு நல்ல தீர்வு இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்துவிடலாம். மாற்றுச் சிறுநீரகம் இருப்பது அதற்குத் தடை இல்லை, தடுப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை அன்றைக்கு நிறுத்தவும் வேண்டியதில்லை. "உடம்பு தாங்குமா" என்று பயந்து, வேலையையும் விட்டுவிட்டு வருடக்கணக்கில் மங்கலோடு வாழ்ந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். நாற்பது வயதில் ஒருவர் வண்டியோட்டும் தொழிலை இழப்பதும், சிகிச்சை செய்துகொண்டு மறுபடி ஓட்டுவதும் அவருக்கு இந்தச் செய்தி எப்போது கிடைத்தது என்பதைப் பொறுத்து இருக்கிறது. வேறு காரணம் எதையும் நான் பார்த்ததில்லை.

கண்புரை கொண்டு போகும் பார்வையைத் திருப்பி வாங்கலாம். கண் நீர் அழுத்தம் கொண்டு போவதைத் திருப்பி வாங்க முடியாது. நீங்கள் கிளாக்கோமா என்று கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் சல்லடையில் ஸ்டீராய்டு மாற்றம் செய்வதால் அழுத்தம் ஏறும். எல்லோருக்கும் ஏறாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கொடுத்து 1960-களில் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மிதமாகவும், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கடுமையாகவும் ஏறியது. மாத்திரையில் ஆபத்து அதைவிடக் குறைவு, ஆனாலும் உண்டு. வலிக்காது, சிவக்காது. பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்து வரும், நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். ஆகவே இதை நீங்களாகக் கண்டுபிடிக்கவே முடியாது. அழுத்தத்தை அளந்து, கண்மணியை விரித்துப் பார்வை நரம்பைப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஒரு நோய்க்காக மட்டுமே வருடத்துக்கு ஒரு முறை கண் மருத்துவரிடம் போகலாம்.

ஸ்டீராய்டால் வரும் மூன்றாவது தொல்லையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். பார்வையின் நடுவே சாம்பல் வட்டம் விழும், ஜன்னல் கம்பி வளைந்து தெரியும், ஒரு கண்ணில் பார்த்தால் பொருள் சிறியதாகத் தெரியும். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குள் வீக்கம் என்றதும் ஸ்டீராய்டு கொடுப்பது பல நோய்களில் சரியான வைத்தியம், இந்த நோயில் அதுவே நோயை வளர்க்கும்.

இனி டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டுக்கும் வருகிறேன். இவற்றால் வரும் பார்வைக் கோளாறு அரிது. ஆனால் வந்தால் வீட்டையே கலங்கடித்துவிடும். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

மாற்று சிகிச்சை முடிந்து சில வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கும். ஒரு நாள் தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். "விளக்கைப் போடுங்கள், ஏன் இருட்டாக இருக்கிறது" என்பார், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். சிலருக்கு வலிப்பும் வரும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி சரியாகச் சுருங்கும். கண்ணை முழுவதும் சோதித்தாலும் குறை தெரியாது. காரணம், கோளாறு கண்ணில் இல்லை. கண் அனுப்பும் படத்தைப் படித்துச் சொல்வது மூளையின் பின்புறப் பகுதி, பிடரிக்கு மேலே இருப்பது. இந்த மருந்துகளும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிட்டால், நீர் கசிந்து அந்தப் பகுதி வீங்கும். பார்க்கிற கருவி நன்றாக இருக்கும், பார்த்ததை அறிகிற இடம் வேலை செய்யாது.

1996-இல் அமெரிக்க மருத்துவர் ஜூடி ஹிஞ்சியும் உடன் பணிபுரிந்தவர்களும் இத்தகைய 15 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அவர்களில் 7 பேர் தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மற்றவர்களில் பிரசவ கால வலிப்பு வந்த பெண்களும், சிறுநீரக நோயால் ரத்த அழுத்தம் எகிறியவர்களும் இருந்தார்கள். அந்தக் கட்டுரையால் கிடைத்த பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்தைக் குறைத்து, மருந்தை நிறுத்தியோ அளவைக் குறைத்தோ கவனித்தபோது அவர்கள் தேறினார்கள். இன்றும் பெரும்பாலோருக்குச் சில நாள்களில் அல்லது சில வாரங்களில் பார்வை திரும்பிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த வீக்கமும் மறைந்துவிடுகிறது. ஆனால் நேரம் கடந்தால் அந்த வீக்கம் ரத்தக் கசிவாகவும் நிரந்தரச் சேதமாகவும் மாறக்கூடும். ஆகவே மாற்று உறுப்பு பெற்றவருக்குத் திடீரென இரு கண்ணிலும் பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்கோ அருகிலுள்ள கண் கிளினிக்குக்கோ போகாதீர்கள். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, மாத்திரைப் பையோடு போங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு வரம்புக்குள் இருந்தாலும் இது வரலாம் என்பதை மருத்துவர்களும் நினைவில் கொள்ள வேண்டும். "லெவல் சரியாக இருக்கிறதே, இதனால் இருக்காது" என்று ஒதுக்குவது சரியில்லை.

இதைவிட அரிதாக டாக்ரோலிமஸ் பார்வை நரம்பையே தாக்கியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. நிறம் மங்கும், ஒரு கண்ணில் பார்வை படிப்படியாகக் குறையும், மற்ற காரணங்கள் எதுவும் அகப்படாது. அப்போது கண் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் உட்கார்ந்து பேசி மருந்தை மாற்றுவது பற்றி முடிவெடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பயப்பட வேண்டியது இல்லை. "எழுத்து ஆடுகிறது, படிக்க முடியவில்லை" என்று வருவார்கள். செய்தித்தாளை மேசையில் விரித்து வைத்துப் படிக்கச் சொல்வேன். தடையில்லாமல் படிப்பார்கள். ஆடியது எழுத்து இல்லை, பிடித்திருந்த கை. டாக்ரோலிமஸால் வரும் கை நடுக்கம் அது. அளவைச் சீர் செய்தால் பெரும்பாலும் குறையும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளக் கை நடுங்குகிறவர்கள் வீட்டில் யாரையாவது விட்டுவிடச் சொல்லுங்கள். கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிகிற மருந்தால் பயனில்லை.

அடுத்தது தொற்று. எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி வைத்திருப்பதால், மற்றவர்கள் உடம்பில் சும்மா உறங்கிக் கிடக்கும் கிருமிகள் இவர்களிடம் எழுந்துகொள்ளும். சைட்டோமெகாலோ வைரஸ் அப்படி ஒன்று. நம் நாட்டுப் பெரியவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் உடலில் அது இருக்கிறது. அது விழித்திரையை அரிக்கத் தொடங்கினால் வலி இருக்காது, கண் சிவக்காது. கண் முன்னே கொசு பறப்பது போல் கரும்புள்ளிகள் மிதக்கும், பார்வையின் ஒரு பகுதி நிழலடிக்கும். அதைத் தடுக்கத்தான் பலருக்கு முதல் சில மாதங்கள் வால்கான்சிக்ளோவிர் கொடுக்கிறார்கள். விலை அதிகம் என்று அதைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், பணம் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் என்ன கிடைக்கும் என்பது மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளர்களுக்குத் தெரியும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். அப்படி வாங்கும் மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வயல் வேலையில் நெல் தாளோ இலையோ கீறி, கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது நம் மாவட்டங்களில் சாதாரணம். மதுரைப் பகுதியில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர் வளர்ந்த கருவிழிப் புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டை விடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவருக்கே அந்தக் கதி என்றால், மாற்று உறுப்பு பெற்றவர் நிலையை யோசித்துப் பாருங்கள். உங்களுக்குக் கண் சிவந்து, கூடவே வலியோ மங்கலோ வெளிச்சம் கூசுவதோ இருந்தால், அது மெட்ராஸ் ஐ என்று சொல்ல மெடிக்கல் ஷாப்காரருக்கோ உங்கள் அண்டை வீட்டாருக்கோ உரிமை இல்லை. கண் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும், அன்றைக்கே காட்ட வேண்டும்.

பூஞ்சைக்கு மாத்திரை எழுதும் கண் மருத்துவர்களுக்கும் நான் இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வொரிகோனசோல், கீட்டோகோனசோல், ஃபுளுகோனசோல் எல்லாம் கல்லீரலில் டாக்ரோலிமஸ் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். வொரிகோனசோல் தொடங்கும்போது டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்கிற அளவுக்கு அந்தத் தாக்கம் பெரியது. கண்ணைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். மருந்துச் சீட்டு எழுதும் முன் சிறுநீரக மருத்துவருக்கு ஒரு போன் செய்யுங்கள். நோயாளிகளே, அவர் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள். வொரிகோனசோல் போட்ட அரை மணி நேரத்தில் கண் முன் ஒளிக்கீற்றுகள் தெரியலாம், நிறங்கள் மாறித் தெரியலாம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அந்த நேரத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்.

காசநோய் மருந்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு நம் நாட்டில் நிறைவு பெறாது. தடுப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் காசநோய் வருவது இங்கே புதிதல்ல. அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் எத்தாம்புடால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. அது சிறுநீர் வழியாகத்தான் உடலை விட்டுப் போகிறது. மாற்றுச் சிறுநீரகம் முழு வேகத்தில் வேலை செய்யாதவருக்கு அது உடலில் தங்கும், ஆபத்து கூடும். முதலில் கெடுவது சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் திறன். சிவப்பு மிளகாயும் பச்சை மிளகாயும் வெளிறி ஒன்றுபோல் தெரிவதாகச் சமையலறையில் ஒருவர் சொன்னால், அது வயதின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. தொடக்கத்திலேயே நிறுத்தினால் பலருக்குப் பார்வை மீள்கிறது, தாமதித்தால் சிலருக்கு மீள்வதில்லை. எத்தாம்புடால் தொடங்கும் நாளில் ஒரு முறையும், அதன் பின் மாதம் ஒரு முறையும் நிறப் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கண்ணுக்கு இரண்டு நிமிடம் போதும். கூடவே கொடுக்கும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவைச் சரேலென இறக்கிவிடும். அதனால் மாற்று மருந்தாக ரிஃபாபுட்டின் கொடுப்பதும் உண்டு. அந்த மருந்தால் சிலருக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து, வலியும் சிவப்பும் தோன்றும். எந்த வழியில் போனாலும் கண்ணைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சர்க்கரையைப் பற்றி உங்களுக்கு நிறையவே சொல்லியிருப்பார்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும், முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் அதைக் கொண்டுவரக்கூடும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்வில்லை நீரை உறிஞ்சி உருமாறும், கண்ணாடி நம்பரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். சர்க்கரை சில வாரம் ஒரே நிலையில் நிற்கும் வரை புதுக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நீரிழிவாலேயே சிறுநீரகத்தை இழந்தவர்களுக்கு விழித்திரையிலும் பெரும்பாலும் பாதிப்பு இருக்கும். புதுச் சிறுநீரகம் வந்ததால் அது தானாக ஆறிவிடாது.

வெண்விழியில் சதை வளர்ந்தால் 'வெறும் சதைதானே' என்று விடாதீர்கள். இந்த மருந்துகளோடு வெயிலும் சேரும்போது அங்கே புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் உங்களுக்கு அலங்காரம் இல்லை.

கண்வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபூபுரூஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் அவை சிறுநீரகத்தை வாட்டும். கண் அழுத்தத்துக்காகக் கண் மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் அசெட்டசோலமைடு மாத்திரையும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவது. அதையும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. கண் மருத்துவமனையில் பெயர் பதியும்போதே "எனக்கு மாற்றுச் சிறுநீரகம்" என்று சொல்லிவிடுங்கள். பலர் சொல்வதில்லை. கண்ணுக்கும் கிட்னிக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நோயாளிகள் வாய் திறக்காமல் இருப்பதற்கு மிகப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மா கொடுத்திருப்பாள், மனைவி கொடுத்திருப்பாள், அக்கா கொடுத்திருப்பாள். அல்லது மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம், தங்கள் துக்கத்துக்கு நடுவே கையெழுத்துப் போட்டிருக்கும். பெற்றுக்கொண்டவர் மனதில் அந்தக் கடன் எப்போதும் இருக்கிறது. "இவ்வளவு செய்தார்களே, இதற்கு மேல் கண் மங்குகிறது என்று எப்படிச் சொல்வது? நன்றியில்லாதவன் என்று நினைத்துவிட்டால்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "டேய், நான் கிட்னி கொடுத்தது நீ நல்லா இருக்கத்தானேடா, மறைக்கிறதுக்கா?" என்றார். அதற்கு மேல் நான் அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை, அவசியம் இருக்கவில்லை.

இன்னொரு வகை மௌனமும் உண்டு. மருத்துவரின் அறையில் கூட்டம், அவருக்கு நேரம் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து "கிரியாட்டினின் நல்லா இருக்கு, இதே மாத்திரையைத் தொடருங்க" என்கிறார். அந்த நல்ல சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் கண் விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மருத்துவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் பரிசோதனைப் பட்டியலில் எலும்புக்கு இடம் இருக்கிறது, கொழுப்புக்கு இடம் இருக்கிறது, கண்ணுக்குப் பல இடங்களில் இடம் இல்லை. இது குறைதான், இதைத் திருத்தப் பெரிய செலவு எதுவும் ஆகாது. மாற்று சிகிச்சைக்கு முன் ஒரு முழுக் கண் பரிசோதனை. பிறகு ஆறு மாதத்தில் ஒன்று, அதன் பின் வருடம் ஒன்று. கண்மணியை விரித்துப் பார்ப்பது, அழுத்தம் அளப்பது, அருகுப் பார்வையையும் நிறப் பார்வையையும் சோதிப்பது, அவ்வளவுதான். இந்த மண்டபத்தில் இருக்கும் சிறுநீரக மருத்துவர்களிடம் நான் கேட்பது இந்த ஒரு வரியைத்தான். உங்கள் பட்டியலில் அதைச் சேர்த்து, ஒவ்வொரு வருகையிலும் "பார்வை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் நான் கேட்பதும் சிறியதுதான். வாரம் ஒரு நாள், காலை மாத்திரை போடும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் நாள்காட்டித் தாளையும் ஜன்னல் கம்பியையும் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். புதிய மங்கல், மிதக்கும் புள்ளிகள், வளைந்த கோடு, நிறம் வெளிறுவது, வெளிச்சக் கூச்சம், இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் தேதி போட்டு அந்த நோட்டில் எழுதுங்கள். கிரியாட்டினினுக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். எழுதியதோடு விடாமல் அடுத்த வருகை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். இரு கண்ணும் திடீரென இருண்டால் போன்கூட வேண்டாம், நேராகக் கிளம்பிவிடுங்கள். மாத்திரையை மட்டும் உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.